பறக்காதவர்கள் காப்பாற்ற வேண்டிய விமான நிலையம்

நீலகிரிக்கு விமான நிலையம் கிடையாது. வேண்டவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சின்ன விமான நிலையங்களை மூடவிடாமல் காப்பது பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு "அப்போ ஊட்டிக்கும் ஒன்று கேட்கலாமே" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. கீழே ஓடுவதைவிட அதிக தூரம் ஓடினால்தான் அதே விமானம் இங்கே மேலெழும்பும். அவ்வளவு நீளத்துக்குச் சமதளம் எங்கே இருக்கிறது? இருப்பதில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறோம். அப்புறம் மேகம். பளிச்சென்று தெரிகிற பள்ளத்தாக்கு, டீ குடித்துவிட்டு வெளியே வருவதற்குள் காணாமல் போயிருக்கும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த ராணுவ ஹெலிகாப்டர் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசை தடுமாறிப்போனதுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரையும் இழந்தோம். முதலில் ஓடிப் போனவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள்தான். குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் எத்தனை பேர் விமானத்தில் ஏறியிருப்பார்கள்?

இந்தக் கேள்வியைப் பின்னால் தொடுகிறேன்.

விமான நிலையமே இல்லாத ஊர்க்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்றால், பழி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் மேல்தான். 2000களின் தொடக்கத்தில் குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், எடுத்த எடுப்பிலேயே நம் விமானம் ஓர் ஓடுபாதையின் முனையில் நிற்கும். இரண்டு பக்கமும் ஏரி, ஒரு பக்கம் தூரத்தில் சிகாகோவின் கட்டடங்கள். மெய்க்ஸ் ஃபீல்டு என்று பெயர். மவுஸால் விமானம் ஓட்டி நான் விழாத இடம் அந்த ஏரியில் இல்லை. வெளியே வந்தால் பனி, பஸ் ஸ்டாண்டு, வறுத்த கடலை வாசனை. இன்றுவரை சிகாகோவுக்குப் போனதில்லை. ஆனால் அந்த ஓடுபாதை என் தெரு மாதிரிப் பழக்கம்.

அது நிஜத்தில் இடிக்கப்பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தபோது சில வருடங்கள் ஓடியிருந்தன. 2003 மார்ச் 30, ஞாயிறு நள்ளிரவு. மேயர் ரிச்சர்டு டேலியின் உத்தரவில், போலீஸ் காவலோடு புல்டோசர்கள் போய் ஓடுபாதையின் நடுவில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப்போட்டன. விமானங்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. 16 விமானங்கள் மாட்டிக்கொண்டு, பிற்பாடு பக்கத்து இணைப்புப் பாதையை ஓடுபாதையாக வைத்துக் கிளம்பிப் போயின. பாதுகாப்புக்காகச் செய்தேன் என்றார் மேயர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்தக் காரணம் எதற்கும் செல்லுபடியானது. மத்திய விமானத்துறை போட்ட அபராதம் 33,000 டாலர். சிகாகோ மாநகரத்துக்கு அது சில்லறை. விமான நிலைய நிதியை இடிப்பு வேலைக்குத் திருப்பியதற்காக 10 லட்சம் டாலர் திருப்பிக் கட்டினார்கள், அவ்வளவுதான். இன்று அந்த இடம் பூங்கா. கோடையில் இசைக் கச்சேரி நடக்கிறது.

இதில் என்னை உறுத்துவது புல்டோசர் இல்லை. அந்த நிலையத்தைக் காப்பாற்ற ஒரு நண்பர் குழு பல வருடங்களாகவே இயங்கிக்கொண்டிருந்தது. 1996-லேயே ஒருமுறை மூடி, மாநில அரசு தலையிட்டுத் திறந்த நிலையம் அது. வாதம் இருந்தது, வக்கீல் இருந்தார், பத்திரிகைகள் மேயரைத் திட்டின. ஆனால் நகரம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அதே மேயரை 2007-ல் 70 சதவீதத்துக்கு மேல் வாக்குப் போட்டுத் திரும்பவும் உட்கார வைத்தார்கள். சராசரி சிகாகோவாசிக்கு அந்த நிலையம் யாரோ பணக்காரர்கள் வந்திறங்கும் இடம். போனால் போகட்டும். ஏரிக்கரையில் நடக்க இடம் கிடைக்கும்.

சான்டா மோனிகா கதை இன்னும் சிக்கல். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் கடலோர ஊர். டக்ளஸ் நிறுவனம் டிசி-3 விமானத்தை உருவாக்கியது அங்கேதான். விமான வரலாற்றில் அதைவிடப் புனிதமான மண் குறைவு. அந்த நிலையத்தை மூடச் சொன்னது மேயரோ பில்டரோ மட்டுமில்லை, ஊர் மக்களேதான். சின்ன விமானங்கள் எரிக்கும் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறது. வீட்டுக் கூரைக்கு மேலேயே ஜெட்டுகள் இறங்கும். 2014-ல் வாக்கெடுப்பு நடத்தி, அந்த நிலத்தின் எதிர்காலத்தை ஊர்தான் தீர்மானிக்கும் என்ற பக்கம் ஜெயித்தது. 2017-ல் மத்திய விமானத்துறையோடு உடன்பாடு: ஓடுபாதையை 3,500 அடியாகச் சுருக்கலாம், 2028 டிசம்பர் 31-க்குப் பிறகு மூடிவிடலாம்.

ஆக, 'ஊர் மக்கள் பங்கேற்பு' என்று நாம் சொல்வது இரண்டு பக்கமும் வெட்டும். விமானப் பிரியர்கள் எழுதும் கட்டுரைகளில் இது வருவதில்லை. ஊர் வந்தால் நம் பக்கம்தான் வரும் என்று எழுதிவிடுகிறார்கள். நஞ்சப்பசத்திரத்து மக்கள் யாரையும் கேட்காமல் ஓடினார்கள். ஆனால் அவர்கள் கூரைக்கு மேல் தினம் பத்து ஹெலிகாப்டர் போக வேண்டும் என்று முடிவெடுத்தால், அவர்களைக் கேட்காமல் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

அமெரிக்க விமானிகள் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் படித்துக்கொண்டார்கள். அவர்களுடைய சங்கம் 1997-லிருந்து விமான நிலையத்துக்கு ஒருவர் என்று தன்னார்வலர்களை வைத்திருக்கிறது. அவர்கள் வேலை பறப்பது இல்லை. நகரமன்றக் கூட்டத்துக்குப் போவது. ஓடுபாதை முனையில் யாராவது அடுக்குமாடிக்கு அனுமதி கேட்கிறார்களா என்று திட்ட அனுமதி விளம்பரங்களைப் படிப்பது. மத்திய அரசிடம் மானியம் வாங்கிய நிலையம் பொதுவாக 20 வருடம் திறந்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், எந்த வருடம் கடைசி மானியம் வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்வது. சுவாரசியமே இல்லாத வேலை. மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த பிறகு கொடி பிடிப்பதைவிட இதற்குத்தான் பலன் அதிகம் என்று நினைக்கிறேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இங்கே விமான நிலையத்தை யாரும் இடிப்பதில்லை. மூடுவதாக அறிவிப்பதும் இல்லை. 'சர்வீஸ் நின்னுடுச்சு' என்பார்கள், அதோடு சரி. வேலி இருக்கும், வாட்ச்மேன் இருப்பார், தீயணைப்பு வண்டி இருக்கும், ஓடுபாதை வெயிலில் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் போட்ட ஓடுபாதைகள் தமிழ்நாட்டில் பல இப்படிக் கிடந்தே மறந்துபோயின. சோழவரத்தில் கார் பந்தயம் நடத்தினார்கள். செட்டிநாட்டிலும் உளுந்தூர்பேட்டையிலும் ஓடுபாதை இருப்பதே பக்கத்து மாவட்டத்துக்குத் தெரியாது.

எனக்கு நேரில் தெரிந்தது சேலம் நிலையம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. அக்காவை ஓமலூரில் கொடுத்திருப்பதால் தீபாவளி, பொங்கல், காது குத்து என்று அந்தப் பக்கம் போக்குவரத்து உண்டு. 1990களில் திறந்த நிலையம். கூட்டம் சேராமல் சேவை நின்றது. 2009 வாக்கில் கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் வந்து சென்னைக்கு ஓட்டியது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் குத்துவிளக்கு, மாலை, போட்டோ. நின்றபோது மட்டும் ஒரு விழாவும் இல்லை.

மாமாவுக்கு அங்கே மூன்று ஏக்கர் காடு, கொஞ்சம் பாக்கு. இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ சேவை நின்ற சமயம் அவரிடம் கேட்டேன், "என்னங்க மாமா, பிளேன் போச்சாமே?" அவர் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டே சொன்னார்: "வந்தப்ப நமக்கு என்ன வந்துச்சு, போறப்ப நமக்கு என்ன போகுதுங்க? ஏறுறவன் சென்னைக்காரன், எறங்குறவன் மில்லுக்காரன். நமக்கு அந்த சத்தம்தான்." கொஞ்சம் நேரம் கழித்து, "சத்தம் வந்தா மணி பார்த்துக்குவோம், அது ஒண்ணு" என்றார்.

அந்தப் பேச்சில் கோபம் இல்லை. அதுதான் கவலைக்குரியது. கோபம் வந்தது வேறொரு சமயத்தில்: நிலைய விரிவாக்கத்துக்குச் சுமார் 570 ஏக்கர் எடுப்பதாகப் பேச்சு வந்து, காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் போராடியபோது. ஆக, அந்த ஊர்க்காரர்களோடு விமான நிலையம் முதல் முறையாக நேருக்கு நேர் பேசியதே நிலம் கேட்கத்தான். இருபத்தைந்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர், திடீரென்று வந்து உன் கொல்லைப்புறத்தைக் கொடு என்று கேட்டால் என்ன பதில் வரும்?

உடான் நல்ல திட்டம்தான். 2016-ல் அறிவித்தார்கள், 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி முதல் விமானம். ஒரு மணி நேரப் பயணத்துக்கு, பாதி இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு. நஷ்டத்தை மூன்று வருடம் அரசு ஈடுகட்டும். அதற்குள் கூட்டம் பழகிவிடும் என்பது கணக்கு. பழகவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023-ல் கொடுத்த அறிக்கையில், ஆய்வுக்கு எடுத்த 774 வழித்தடங்களில் 371-தான் பறக்கவே ஆரம்பித்தன. 112 மட்டும் மூன்று வருடத்தை முடித்தன. அதற்கு அப்புறமும் ஓடிக்கொண்டிருந்தவை 54. காரணங்களாக விமானம் இல்லை, என்ஜின் இல்லை, ஓடுபாதை தயாராகவில்லை என்று பலதும் சொல்லலாம். அவை எல்லாம் உண்மையும்கூட. ஆனால் மானியம் மூன்று வருடம் ஓடும்போது, அந்த ஊரில் யாராவது அதைத் தங்களுடையது என்று நினைக்க என்ன செய்தோம் என்ற கேள்வியை எந்த அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

அப்படி நினைக்க வைக்க வழி இருக்கிறது, அதுவும் ஏற்கெனவே விதியிலேயே. விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களுக்கு ஓர் ஆலோசனைக் குழு உண்டு, தொகுதி எம்.பி.தான் தலைவர். வியாபாரச் சங்கங்களிலிருந்து ஆள் போடுவார்கள். பஞ்சாயத்துத் தலைவர்களையும், நிலையத்தின் வேலியை ஒட்டிக் காடு வைத்திருப்பவர்களையும் அதில் உட்கார வைக்கலாமே? சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. விமானம் பத்திரமாக இறங்குவதே அவர்கள் கையில் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கழிவோ குப்பையோ திறந்தவெளியில் கொட்டக் கூடாது என்பது பழைய விதி. ஏனென்றால் பருந்தும் கழுகும் வரும், என்ஜினில் அடிபடும். கோழிக் கடைக்காரர் சாயங்காலம் மூட்டையை எங்கே வீசுகிறார் என்பதைப் பார்ப்பது டெல்லி இல்லை, அந்தப் பஞ்சாயத்து. ஓடுபாதைக்கு நேரே தென்னை எவ்வளவு உயரம் போகிறது, மாடி மேல் மாடி எவ்வளவு எழுகிறது என்பதும் அப்படித்தான். தடையில்லாச் சான்று என்று காகிதத்தில் இருக்கும். கண்ணால் பார்ப்பது பக்கத்துக் காட்டுக்காரர்.

அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு நாள் உள்ளே கூட்டிப் போய்த் தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சுவதைக் காட்டினால் ஆகிற செலவு டீசல் காசுதான். மாமாவின் பேரன் அந்த வேலிக்கு வெளியே வளர்ந்தவன். அவனுக்கு விமான நிலையம் என்றால் வேலி, அவ்வளவுதான்.

இதை எல்லாம் நான் யோசிக்கக் காரணம் எங்கள் மலை ரயில். நிர்வாகரீதியாக அதுவும் சேலத்தோடு சேர்ந்தது; 2007-ல் சேலம் கோட்டம் பிரிந்தபோது நீலகிரி ரயிலும் அங்கே போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்த பாதை. 46 கிலோமீட்டர், 16 குகைகள், பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம், பல்சக்கரம். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் எங்காவது மண் சரிந்து நிற்கும். லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லாத பாதை. கணக்குப் பிள்ளை மட்டும் முடிவெடுத்திருந்தால் எப்போதோ நின்றிருக்கும்.

2005 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனதால் இனி மூட முடியாது என்கிறார்கள். பாதையை மூட முடியாது, சரி. ஆனால் ஊர்க்காரனை இறக்கிவிட முடியும். 2018 அக்டோபரில் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள். 2020 டிசம்பரில், ஊரடங்குக்குப் பிறகு எங்கள் வழக்கமான ரயில் இன்னும் ஆரம்பிக்காதபோது, ஒரு தனியார் நிறுவனம் வாடகைக்கு எடுத்த ரயில் தலைக்கு 3,000 ரூபாய் டிக்கெட்டோடு மலையேறியது. ரயிலைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள் என்று செய்தி பரவியது. அது சிறப்பு வாடகைப் பயணம்தான் என்று ரயில்வே விளக்கம் கொடுத்தது. அந்த வாரம் குன்னூரில் நான் கேட்ட குரல்களைக் கவனித்துப் பார்த்தேன். காய்கறிக் கடை அண்ணாச்சி, ஆட்டோ ஸ்டாண்டு, எஸ்டேட் கங்காணி ஒருவர். "எங்க ரயிலு" என்று கத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊட்டிக்கு பஸ்ஸில் போகிறவர்கள். நானும் பஸ்தான், பஸ் சீக்கிரம் போய்விடும். டிசம்பர் 31 அன்று வழக்கமான ரயில் திரும்ப வந்தபோது ஏறக்கூட இல்லை, ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஏறாதவர்களுக்கு எங்கிருந்து இந்த உரிமை வந்தது? அருவங்காடு கார்டைட் பேக்டரிக்கு அப்பா அந்த ரயிலில் வேலைக்குப் போயிருப்பார். கேத்தியிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு வந்திருப்பார்கள். மூட்டை ஏறும், கோழி ஏறும், மாமியார் ஏறுவார். அந்தக் காலத்து மலிவு டிக்கெட்டில் இரண்டு மூன்று தலைமுறை ஏறி இறங்கியதன் வட்டியைத்தான் ரயில்வே இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இனிமேல் சுற்றுலாக்காரர் மட்டும் ஏறுகிற ரயிலாக ஆக்கிவிட்டால், நாற்பது வருடம் கழித்து அதற்காகக் கத்த யார் இருப்பார்கள்? அந்த விஷயத்தில் எனக்கு ரயில்வேயின் மேல் கோபம்தான். குன்னூர்–ஊட்டிக்கு நடுவில் முன்பதிவில்லாத பெட்டியும் உள்ளூர்க் கட்டணமும் சலுகை இல்லை, ரயிலைக் காக்கும் காப்பீடு. உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழு என்று கோட்டத்தில் ஒன்று இருக்கிறது. மனு எழுதுபவர்கள் அதற்கு எழுதுங்கள். முகநூலில் எழுதினால் லைக்தான் வரும்.

விமானத்தில் இப்படி மலிவாக எல்லோரையும் ஏற்றிவிட முடியாதுதான். எரிபொருள் காசே இடம் கொடுக்காது. ஆனால் ஏறாதவருக்கும் ஒரு பிடிப்பு உண்டாகச் சில வாசல்கள் இருக்கின்றன. சேலத்தில் அது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அக்காவின் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து சென்னையில் ஆபரேஷன். முடிந்து திரும்பும்போது காரில் ஏழு மணி நேரம் உட்கார முடியாது என்றார் டாக்டர். விமானத்தில் கூட்டி வந்தார்கள். காமலாபுரத்தில் சக்கர நாற்காலியை வைத்து இறக்கினார்கள். வாசலிலிருந்து வீடு பத்து நிமிடம். கிழவி அதற்குப் பிறகு வந்தவர் போனவரிடம் எல்லாம் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை, மேலிருந்து மேட்டூர் அணை தெரிந்ததைத்தான் சொன்னார். தெரிந்ததா என்பது வேறு விஷயம். நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

மாமா இப்போது அந்த நிலையத்தைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். இது முன்னேற்றம். நேரம் சரியில்லை, டிக்கெட் விலை ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லை, ஓமலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே டவுன் பஸ் விட்டால் என்ன என்கிறார். நிலம் கொடுக்க மாட்டேன் என்பதிலும் மாறவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை, எனக்கும்தான். பஸ் விஷயமாக ஊரில் கையெழுத்து வாங்கிக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து அவருடையது. மனுவின் நகலை ஆலோசனைக் குழுவுக்கும் அனுப்புங்கள் மாமா என்று சொல்லியிருக்கிறேன்.